மடக்குப் படகில் எதை ஏற்றுவது

என் கணவர் நாற்காலி வாங்கிவரப் போய்ப் படகு வாங்கிவந்தார்.

அப்போது நாங்கள் குமுளியில் இருந்தோம். அவர் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. யாராவது வந்தால் ஒன்று இவர் நிற்க வேண்டும், இல்லையென்றால் வந்தவர் நிற்க வேண்டும். ஏலக்காய் விலை விழுந்து கிடந்த காலம் அது. மலைமேல் ஒரு துரை தோட்டத்தைக் கைமாற்றிவிட்டுச் சீமைக்குப் போகிறார், பங்களாச் சாமான்களை ஏலம் போடுகிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு நாற்காலியாவது எடுத்து வாருங்கள் என்று நான்தான் அனுப்பினேன். சாயங்காலம் இரண்டு ஆட்கள் தலைச்சுமையோடு முன்னால் வர, இவர் பின்னால் வந்தார். வாசலில் நின்று பார்க்கிறேன், நாற்காலிக் கால் ஒன்றுகூடத் தெரியவில்லை.

“நாற்காலி எங்க?” என்றேன்.

“அதெல்லாம் கம்பத்துல இருந்து வந்த வியாபாரி மொத்தமா எடுத்துட்டான். நீ இதைப் பாரு.”

மூட்டையைக் கூடத்தில் போட்டுப் பிரித்தார். மீன் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து வீடு முழுக்க அடித்தது. மேலே கறுப்பாக எதையோ பூசிய கித்தான் துணி. உள்ளே வளைந்த மரச் சட்டங்கள், நீளக் கம்புகள், பித்தளைத் திருகாணிகள் போட்ட ஒரு டப்பா, இரண்டு முனையிலும் தட்டையாக இருந்த ஒரு துடுப்பு. சட்டங்களைச் செருகிக் கித்தானை இழுத்துப் பூட்டினால் நீளமாக, ஒடுக்கமாக, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காருகிற படகாகிவிடும் என்றார். கழற்றினால் ஒரு ஆள் சுமை. கூடவே ஒரு மடக்குக் கட்டில், ஸ்பிரிட் அடுப்பு, முதுகில் மாட்டுகிற பை, அவர் காலைவிடப் பெரிய ஒரு ஜோடி பூட்ஸ்.

“என்னத்துக்கு இதெல்லாம்?”

“கிறிஸ்துமஸ் லீவுக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போவணும்னு சொன்னேல்லா? இதுலயே போவோம்.”

என் தங்கைக்கு ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிள்ளை. அவள் புருஷன் தேக்கடி ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்த்துவந்தார். கரையைச் சுற்றி நடந்தால் காடு, யானை. தண்ணீர் வழியே போனால் தோட்டத்துக்கு அரிசி ஏற்ற வருகிற மரத்தோணிக்குக் காத்திருந்து, தோணிக்காரரிடம் கேட்டு, மூட்டைக்கு நடுவே ஒண்டிக்கொண்டு போக வேண்டும். எல்லாரும் அப்படித்தான் போய்வந்தார்கள். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவருக்குத்தான் யாரிடமும் போய் நிற்பது பிடிக்காது.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முற்றத்தில் படகைப் பூட்டுவார். ஒரு நாள் ஒரு சட்டம் மிஞ்சும். இன்னொரு நாள் ஒன்று குறையும். அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “வாத்தியார் யாருக்குச் சவப்பெட்டி செய்யுதாரு?” என்று கேட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. அவருக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, “இந்த முனையை மட்டும் கொஞ்சம் பிடி” என்பார். பிடித்துப் பிடித்து என் கட்டைவிரலில் கித்தான் கறை ஏறியது. கஞ்சி போட்டுத் துவைத்த சேலையிலும் ஏறியது.

கார்த்திகைக் குளிர் தொடங்கியதும் எதை எடுத்துப்போவது என்ற பேச்சு வந்தது. கூடத்தில் சுவரோரமாக இரண்டு குவியல் போட்டார். ஒன்று தேவை, மற்றது தேவையில்லை. பூட்ஸ், கட்டில், அடுப்பு, அரிக்கேன் விளக்கு, துரை விட்டுப்போன தொப்பி எல்லாம் முதல் குவியலில் ஏறின. தங்கைக்காக நான் இடித்து வைத்த பிரசவ மருந்து, கருப்பட்டி, அரிசிமாவு டப்பா, குழந்தைக்கென்று பழைய வேட்டிகளைக் கிழித்து வெந்நீரில் அலசி மடித்த துணிகள் எல்லாம் இரண்டாவதில் கிடந்தன.

“பழந்துணி அங்க இருக்காதாக்கும்?” என்றார்.

“எப்படி இருக்கும்? கல்யாணம் ஆகி ரெண்டு வருசம்கூட ஆகலை. அவ வீட்டுல எல்லாம் புதுத் துணி. பச்சைப்பிள்ளை உடம்புல புதுத் துணி அறுக்கும்லா?”

“கனம் பாக்கணும். இது தோணி இல்லை.”

“கட்டிலுக்குக் கனம் இல்லையோ?”

 அவர் பள்ளிக்கூடம் போனதும் நான் துணியை முதல் குவியலுக்கு மாற்றிவிட்டுக் கட்டிலை இரண்டாவதற்குத் தள்ளுவேன். சாயங்காலம் அவர் மாற்றுவார். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். கூடத்தில் நடக்கவே இடமில்லாமல் இந்தக் குவியல்களைத் தாண்டித் தாண்டித்தான் அந்த மாதம் முழுக்கச் சமையல் நடந்தது.

எனக்கு வேண்டுமென்று நான் கேட்டது ஒன்றே ஒன்று, செருப்பு. ஏரியில் பாதி வழி என்றாலும், இந்தக் கரைக்குப் போகவும் அந்தக் கரையிலிருந்து தோட்டத்துக்கு ஏறவும் காட்டுவழிதான். அவர் மறுக்கவில்லை. சாமான் என்று எதைக் கேட்டாலும் அவருக்குச் சந்தோஷம். கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் கூட்டிப்போனார். தைப்பவர் என் காலைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

“பொம்பளையாளுக்குத் தச்சுப் பழக்கமில்லையேம்மா. மலையில யாரு போடுறாங்க? அய்யா அளவையே கொஞ்சம் குறைச்சுத் தைச்சுரட்டுமா?”

“குறைச்சுத் தைக்காண்டாம். என் காலுக்குத் தைங்க,” என்றேன்.

ஒரு காகிதத்தைத் தரையில் போட்டு, நான் அதன்மேல் நிற்க, அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பென்சிலால் சுற்றி வரைந்தார். பார்க்காமல் வரைந்தால் என்ன வரும்? செருப்பு முறம்போல வந்தது. வார் மரப்பட்டைபோல விறைத்து நின்றது. பழகிப் பார்க்கலாமென்று கம்பம் இறங்குகிற சாலையில் ஒரு வளைவு வரை போய்த் திரும்பினேன். வீடு வருவதற்குள் பெருவிரல் இடுக்கில் தோல் கிழிந்து ரத்தம். சாலையில் போன பெண்கள் என் காலையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு போனார்கள். விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்தேன், அடித்து வளைத்தேன். வார் இளகுவதற்குள் என் கால்தான் இளகியது.

“பழகப் பழகச் சரியாயிரும்,” என்றார். அவர் பூட்ஸுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்.

அட்டைக்கடிக்கு மட்டும் நானே ஒரு வழி செய்தேன். காடாத் துணியை முழங்கால் வரைக்கும் மேஜோடு மாதிரி நீளக் காலுறையாகத் தைத்து, மேலே நாடா கோத்து, புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். அவருக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி. அவர் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்து, துரைகூட இப்படி ஒன்று வைத்திருக்கவில்லை என்றார். அந்த ஒரு சாயங்காலம்தான் நாங்கள் சண்டை போடவில்லை.

லீவு விட்ட மறுநாள் காலையில் சுமைகூலிகள் இரண்டு பேரோடு தேக்கடிக் கரைக்கு இறங்கினோம். கட்டில் வந்தது. மருந்து ஜாடியும் மாவு டப்பாவும் கருப்பட்டியும் வந்தன. பழந்துணியும் வந்தது, என் இடுப்பில் கட்டிய மூட்டையாக. வழியெல்லாம் இரவு பெய்த ஈரம். அட்டை மேஜோடு முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஈரம் ஏற ஏற நாடா இறுகிக் கெண்டைக்கால் மரத்துப்போயிற்று. நாடாவைத் தளர்த்தினால் துணி கணுக்காலுக்கு நழுவி விழுந்தது. அந்த இடைவெளியில் அட்டை ஏறியது. செருப்பு சேற்றில் உறிஞ்சிக்கொண்டு நின்றுவிடும். கால் மட்டும் வெளியே வரும். பாதி வழியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் ஊறவைத்து அடித்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தொப்பி வைத்த மனிதருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தால் எப்படி இருக்கும்!

கரையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கூலியாட்கள் சந்தைச் சுமைக்கு நேரமாகிறதென்று மேலே ஏறிவிட்டார்கள். இவர் சட்டங்களைச் செருகத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, பைக்குள் கைவிட்டுத் துழாவினார். மறுபடி துழாவினார். பையைக் கவிழ்த்து உதறினார்.

“என்ன தேடுதிய?”

“திருகாணி டப்பா.”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக எடுத்துப்போனவர், மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.  கட்டிலை மறக்கவில்லை. தொப்பியை மறக்கவில்லை. ஸ்பிரிட் கிடைக்காத ஊரில் ஸ்பிரிட் அடுப்பைக்கூட மறக்கவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற ஆணியை மறந்தாயிற்று.

“திரும்பிருவோம்,” என்றேன். “தோணி வாற அன்னைக்கு ஏறிப் போவோம்.”

“கொடிக்கயிறு இருக்குல்லா? அதை வச்சுக் கட்டிருதேன்.”

கட்டினார். வனக் காவல்காரர் ஒருவர், மலையாளி, கரைமேட்டிலே குந்தி உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். படகு தண்ணீரில் இறங்கியதும், “சாரே, இதில ரெண்டு பேரும் கேறுமோ?” என்று கேட்டார். ஏறுவோம் என்று இவர் சொன்னார். இவர் ஏறினார். சாமான்களை ஏற்றினோம். நான் ஒரு காலை வைத்ததும் படகின் விளிம்பு தண்ணீருக்குச் சமமாக வந்து நின்றது.

“எதையாவது எறக்கணும்,” என்றார்.

“உங்க கட்டிலை எறக்குங்க.”

“அங்க போனா படுக்கணும்லா?”

“என் தங்கச்சி வீட்டுல பாய் இல்லாமலா இருக்கு? அவ வீட்டுக்குப் போய் அவ முன்னால கட்டிலை விரிச்சுப் படுப்பியளோ?” என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. காவல்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். “கட்டில், அடுப்பு, பூட்ஸ் எல்லாத்தையும் எறக்குங்க. இல்ல, என்னை எறக்கிட்டுப் போங்க.”

அவர் கட்டிலையும் அடுப்பையும் இறக்கிக் காவல்காரர் குடிசையில் வைத்துவிட்டு வந்தார். பூட்ஸ் காலில் இருந்தது. அதை நான் விட்டுவிட்டேன்.

ஏரியில் அந்தக் காலத்தில் தண்ணீருக்கு மேலே பட்ட மரங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது நின்ற நிலையில் மூழ்கிச் செத்த காடு. நடுவில் கொஞ்ச தூரம் மரமில்லாத இடம் வந்தது. துடுப்பு தண்ணீரை வெட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அக்கரைச் சரிவில் மிளா மான் கூட்டம் ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. தோணியில் போகும்போது மூட்டைக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து மற்றவர்கள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். இப்படித் தண்ணீர்மேல் கையை வைத்துக்கொண்டு போனதில்லை.

அவர் பின்னாலிருந்து பேசினார். “நான் இங்க வேலைக்கு வந்த நாள்லருந்து, ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வந்து கரையில நின்னு பாப்பேன். துரைமார் படகுல சும்மா போவாங்க. ஒரு வேலையும் கெடையாது, சாமானும் கெடையாது, சும்மா போய்ட்டு வருவாங்க. நாம தண்ணியில எறங்கினா மட்டும் யாரு எவரு, எங்க போறேன்னு ஒரு கேள்வி. நமக்கு மட்டும் காரியம் இருந்தாத்தான் போவணுமா?”

இதை அவர் முன்னமே என்னிடம் சொல்லியிருக்கலாம். முற்றத்தில் அத்தனை நாள் முனையைப் பிடிக்கச் சொன்னவர், ஒரு நாளாவது இதைச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பிடித்திருப்பேன். அதைச் சொல்ல அவர் பக்கம் திரும்பும்போதே அடியில் கரகரவென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் ஒரு மரமுனை. கித்தான் என் முழங்காலுக்குக் கீழே கிழிந்து, ஐஸ்போலத் தண்ணீர் உள்ளே வந்தது.

“கையை வச்சு அமுக்கு! அமுக்கு!”

“அமுக்கத்தானே செய்யுதேன்!”

கையால் நிற்கவில்லை. ஒரு காலிலிருந்த மேஜோட்டை இழுத்துக் கழற்றிச் சுருட்டித் திணித்து, மேலே முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டேன். மற்றக் கையால் அரிசிமாவு டப்பா மூடியை எடுத்துத் தண்ணீரை இறைத்தேன். அவர் கண்டபடி வலித்தார். அசைகிற அசைவில் கொடிக்கயிற்றுக் கட்டு தளர்ந்து, படகு நடுவில் மடியப் பார்த்தது. துரையின் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்து, எங்களைவிட நேராக மிதந்து போயிற்று. சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

கரை தட்டியது தோட்டத்துப் படித்துறையில் இல்லை, அதற்கு மிகவும் கிழக்கே ஒரு சதுப்பில். நனைந்த சாமானை எல்லாம் புல்லில் பரப்பினோம். அரிசிமாவு கூழாகியிருந்தது. மருந்து ஜாடி வாய் கட்டியிருந்ததால் தப்பியது. பழந்துணி மூட்டை என் மடியில் சொட்டச் சொட்ட இருந்தது. அவர் பூட்ஸைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். பஞ்சு ஊறி உள்ளே காலைக் கவ்விப் பிடித்துவிட்டது. நான் எதிரே உட்கார்ந்து பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அது வந்ததும் நான் மல்லாந்து விழுந்தேன்.

“அடி பட்டுச்சா?” என்றார்.

“பேசாதிய. கொஞ்ச நேரம் என்கிட்ட ஒண்ணும் பேசாதிய.”

படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஜாடியையும் துணியையும் கருப்பட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெறுங்காலோடு ஏறினோம். வழியெல்லாம் அவர் முன்னால் போய் முள்ளைக் கம்பால் விலக்கி விலக்கி நின்றார். நான் தாண்டியதும் மறுபடி முன்னால் போவார். பேசாதே என்றதால் பேசவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டோம். தங்கை எங்கள் கோலத்தைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அலறினாள். அழுகையை நிறுத்தி விஷயத்தைச் சொல்வதற்குள் குழந்தை விழித்து அதுவும் அலறியது. அவள் புருஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, “ஏன் அண்ணாச்சி, நேத்துதானே தோணி வந்துட்டுப் போச்சு. கரையில நின்னிருந்தா ஏத்திட்டு வந்திருப்பாங்களே?” என்றார். என் கணவர் அடுப்பில் கைகாட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

பழந்துணியை அன்றே பிழிந்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். புகை வாடையோடு காய்ந்தது. மறுநாள் அவள் அதில் ஒன்றைக் குழந்தைக்குச் சுற்றி, முகர்ந்து பார்த்து, “என்னக்கா இது, மீன் வாடை அடிக்கி?” என்றாள். கித்தான் வாடை. எத்தனை தடவை அலசியும் அது போகவில்லை.

திரும்பிவரும்போது அரிசித் தோணியில்தான் வந்தோம். படகைக் கழற்றி மூட்டையாகக் கட்டி அதிலேயே போட்டுக்கொண்டு வந்தார். தோணிக்காரர் அது என்னவென்று கேட்டதற்கு, கூடாரத் துணி என்று பொய் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கிழிசலைத் தைத்து மெழுகு பூசினார். அவரைத் தடுக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் சித்திரை லீவு வரும்போது ஒன்று சொன்னேன்.

“இன்னொரு மட்டம் போறதா இருந்தா, சாமான் நான்தான் எடுப்பேன். ஒரு துரும்புகூட நீங்க எடுத்து வைக்கக் கூடாது.”

சரி என்றார். போகும் காரியம் என்று ஒன்றும் இல்லை. சும்மா ஒரு பகல் போய்வருவது. நான் யோசித்து யோசித்து எடுத்தேன். இரண்டு கம்பளி, திருகாணி டப்பா, ஊறுகாய் ஜாடியும் சேர்த்து மெழுகுத் துணியில் சுற்றிய சோற்றுமூட்டை, காப்பி போட ஒரு சின்னக் குண்டான், காப்பித்தூள், கருப்பட்டி, உப்பும் புகையிலையும் கட்டிய அட்டைமுடிப்பு. கனம் பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். படகு விளிம்பு ஒரு சாண் மேலே நின்றது.  சுகமாகப் போனோம். ஒரு தீவில் இறங்கினோம். சுள்ளி பொறுக்கி வந்தார். கல்லைக் கூட்டிக் குண்டானை வைத்து நான் மூட்டையைப் பிரித்தேன். தீப்பெட்டி இல்லை.

மேலே கோடைமழை இருட்டிக்கொண்டு வந்தது. சோற்றுமூட்டையைப் பிரித்தால், நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடி சாய்ந்து சோறு முழுக்க எண்ணெய். கம்பளிகளைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். மழை பிடித்தது. பச்சைத் தண்ணீரோடு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அவர் ஏரியைப் பார்த்தபடி இருந்தார். திருப்தியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“சொல்லுங்களேன்,” என்றேன்.

“என்னத்தைச் சொல்ல?”

“தீப்பெட்டி எடுக்கலைன்னு சொல்லுங்க.”

“எடுக்கலை,” என்றார். கருப்பட்டியில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினார். “மழை விடுறதுக்கு நேரமாகும். இதைத் தின்னு.”

வாங்கித் தின்றேன். அதற்குள் கம்பளி வழியாக முதல் சொட்டுத் தண்ணீர் என் பிடரியில் இறங்கிவிட்டது.